எட்டு வீட்டு இஸ்தோப்பு

நல்லமுத்து பாஸ் அளவு நாடாவை இழுத்த இழுப்பிலேயே சண்முகவடிவுக்கு விளங்கிவிட்டது, இந்த மனிதர் கையை விட வாயைத்தான் கூடுதலாகப் பாவிக்கிறவர் என்று.

“பதினொண்ணே காலு. எழுதிக்கங்கம்மா... இல்ல, நானே ஞாபகம் வச்சுக்கிறேன். இந்தக் காம்பராவுக்கு ரெண்டடிக்கு ரெண்டடி டைல் போட்டா வீடு ரெட்டிப்பாத் தெரியும். போன வருசம் நுவரெலியாவுல ஒரு ஹோட்டலுக்குப் போட்டுக் குடுத்தேன். வந்த வெள்ளைக்காரி அந்தத் தரையில கால் வைக்க மனசு வராம வாசல்லயே நின்னுட்டா.”

“அப்ப ஹோட்டல் நல்லா நடந்திருக்கும்,” என்றாள் வடிவு.

பாஸ் சிரித்துக்கொண்டே அடுப்படிப் பக்கம் நகர்ந்தார். தலவாக்கலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். தரை போடுகிறவர்களை இந்தப் பக்கத்தில் எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். இவருக்கு அந்தப் பேர் நன்றாகவே பொருந்தியது. வந்து பத்து நிமிஷத்துக்குள் வீட்டுக்கே அதிகாரி ஆகிவிட்டார்.

அவரைப் பிடித்துக் கொடுத்தது வடிவின் ஒரே மகள் லோஜினி. நுவரெலியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். கிழமை நாட்களில் அங்கேயே அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை பின்னேரம் உடப்புசல்லாவைக்குப் போகிற பஸ்ஸைப் பிடித்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வருவாள். அவளுக்குத் தலவாக்கலையில் ஒரு சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருவதற்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது. தகப்பன் ஆண்டியப்பன் செத்துப் பதினோரு வருஷத்தில் இது வேண்டும் அது வேண்டும் என்று ஒரு நாள் வாய் திறந்து கேட்காத பிள்ளை, இந்தத் தடவை ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அம்மா, அவங்க வர்றதுக்குள்ள தரைய மட்டும் மாத்திருவோம். நான் சேத்து வச்சிருக்கேன்.”

கேட்டதில் பிழை சொல்ல முடியாது. உள் தரை கண்ட கண்ட இடத்தில் வெடித்திருந்தது. அடுப்படியில் சிவப்பெல்லாம் போய்க் கறுப்பு. ஆண்டியப்பன் விறகு கொத்திய மூலையில் ஒரு குழி. தோட்ட ஆபீசில் சொல்லி அனுமதியும் வாங்கியாயிற்று. லோஜினி போனில் இருபத்திரண்டு டைல் படம் அனுப்பியிருந்தாள். வடிவின் கண்ணுக்கு இருபத்திரண்டும் ஒரே பால் கலர்தான். ஏழாவது நல்லாருக்கு என்று சும்மா சொல்லி வைத்தாள்.

“உள்ளுக்கு மட்டுமா, இஸ்தோப்புக்குமா?” என்று கேட்டார் பாஸ்.

இஸ்தோப்பு என்றால் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு முன்னால் நீளத்துக்கு ஓடும் தாழ்வாரம். இந்த லயத்தில் ஒரே கூரையின் கீழே எட்டு வீடு. எட்டுக்கும் ஒரே இஸ்தோப்பு. நடுவில் சுவரும் கிடையாது, படியும் கிடையாது. முதல் வீட்டில் கோலிக்குண்டை உருட்டிவிட்டால் எட்டாவது வீட்டில் வந்து பொறுக்கலாம். வடிவின் வீடுதான் அந்த எட்டாவது. மகளுக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

“இஸ்தோப்புதாம்மா முக்கியம். வர்றவங்க மொத மொத கால் வைக்கிறதே அங்கதானே?”

பாஸ் இஸ்தோப்பில் குந்தி, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். காது கொடுத்துக் கேட்டார். வைத்தியரே தோற்றுப்போவார்.

“நல்ல இறுகின தரைம்மா. அடியோட ஒடைச்சா எட்டு வீடும் அதிரும். மேலால கொத்திவிட்டு, அதுக்கு மேலேயே டைலப் பதிச்சிரலாம். ரெண்டு அங்குலம் உசரும். பரவாயில்லையா?”

“உசந்தா நல்லதுதானே. மழைத்தண்ணி உள்ளுக்கு வராது,” என்றாள் வடிவு.

யோசிக்காமல் சொன்ன சொல். அதைச் சொன்ன வாயில் அவளே பிறகு எத்தனை தரம் அடித்துக்கொண்டாளோ தெரியாது.

ஏழாவது வீட்டு வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு பேச்சியம்மா நின்றிருந்தாள். “ஏ வடிவு, ரெண்டு அங்குலம் உசந்துட்டா எங்களயெல்லாம் மேல இருந்துதான் பாப்பியோ?” என்று கேட்டாள். மூன்று பேரும் சிரித்தார்கள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பேச்சிக்கே தோன்றவில்லை.

பேச்சிக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் வாதம் வந்து வலது கால் விழுந்துபோனது. அந்தக் காலைத் தூக்க முடியாது, இழுக்கத்தான் முடியும். முற்றத்தில் இறங்க வேண்டுமென்றால் மருமகள் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து பிடித்து இறக்க வேண்டும். ஆனால் இஸ்தோப்பில் அவளுக்கு யார் தயவும் தேவையில்லை. மினுக்கி மினுக்கி வழுவழுப்பாகியிருந்த சிவப்புத் தரையில் ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, செத்த காலைச் சறுக்கிச் சறுக்கி வந்துவிடுவாள். சர்ர்... டக். சர்ர்... டக். பெரட்டில் பேர் கொடுத்து மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் போய் லயம் அடங்கியதும் காலை ஏழரைக்கு அந்தச் சத்தம் கேட்கும். வடிவு இரண்டு கோப்பையில் பிளேன்டீ ஊற்றுவாள், பேச்சிக்குச் சீனி இல்லாமல். வடிவு வீட்டு வாசல் பலகையில் உட்கார்ந்து குடிப்பார்கள். பேச்சிக்கு ஒரு நாளைக்கு உள்ள பயணமே அவ்வளவுதான். எட்டே அடி.

அந்த எட்டு அடியைப் போட்ட கதை வடிவுக்கு நேற்று நடந்தது போல இருக்கிறது. அப்போது அவள் கல்யாணமாகி வந்து இருபது நாள். லயம் முழுக்க மண் தரை, சாணி மெழுகல். தோட்டத்தில் சிமெந்து தருகிறோம், வேலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எட்டு வீட்டு ஆம்பிளைகளும் இறங்கினார்கள். பெண்கள் ஆற்று மணலைக் கொழுந்துச் சாக்கில் கட்டி மலையேற்றினார்கள். வீட்டுச் சாமான் எல்லாம் முற்றத்தில். கைக்குழந்தைகள் எல்லாம் ஆயா பார்க்கிற பிள்ளைக்காம்பராவில்.

“ஒரே மூச்சுல போட்டு முடிக்கணும். நடுவுல நிப்பாட்டினா அந்த எடத்துல வெடிச்சிரும்,” என்று ஆண்டியப்பன் கத்திக்கொண்டே இருந்தான். அவன் தொழிற்சாலை ஆள். சிமெந்து வேலையில் அவனுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கத்துகிறவன் சொல்வதைக் கேட்பது தோட்டத்தில் எல்லாருக்கும் பழக்கம்.

ஆறாவது வீட்டை முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நிறுத்த முடியாது. ஒரு பழைய படங்குச் சீலையை எடுத்து ஈரச் சிமெந்துக்கு மேலே ஆளுக்கொரு முனையாகப் பிடித்தார்கள். ஒரு முனையில் புதுப்பெண் வடிவு. அடுத்த முனையில் இரண்டு வருஷத்துக்கு முந்தி வாழ்க்கைப்பட்டு வந்த பேச்சி. முழுசாக மூன்று மணித்தியாலம். கை கடுத்து வடிவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தாய் வீட்டை நினைத்தாள். அதைப் பார்த்துவிட்டுப் பேச்சி தன் மாமியார் வெற்றிலைப் பெட்டியைத் தானே ஒளித்து வைத்து மறந்துவிட்டு ஊரெல்லாம் கள்ளன் தேடிய கதையை ஆரம்பித்தாள். அந்த மாமியாரே மூன்றாவது முனையில்தான் நின்றாள். வடிவு அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல், படங்கைத் தூக்கிப் பிடித்தபடி மூக்கால் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் பிடித்த சிநேகம்தான். பிறகு முப்பது வருஷம் கொழுந்து மலையில் பக்கத்துப் பக்கத்து நிரை. பேச்சி நிரையில் கொழுந்து குறைந்தால் வடிவு கையெட்டிக் கிள்ளிப் போடுவாள். வடிவுக்கு முடியாத நாளில் பேச்சி.

தரைக்குச் சிவப்புத் தூள் கலந்து பூசியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பாலிஷ் போட்டு, தேங்காய் மட்டையைக் காலுக்கடியில் வைத்து மிதித்துத் தேய்ப்பார்கள். அவரவர் வீட்டுக்கு முன்னால் அவரவர் பாடு. ஆனால் யாரும் தன் எல்லையோடு நிற்பதில்லை. அடுத்த வீட்டுப் பக்கம் ஒரு சாண் தாண்டித்தான் நிறுத்துவார்கள். அப்படிச் செய் என்று யாரும் சொன்னதில்லை, செய்யாமல் யாரும் இருந்ததுமில்லை. இரண்டு பக்கமும் தாண்டித் தேய்ப்பதால் எல்லை இருக்க வேண்டிய இடம்தான் இஸ்தோப்பிலேயே அதிகமாக மினுங்கும். பேச்சிக்குக் கால் விழுந்த பிறகு ஏழாவது வீட்டுப் பங்கையும் வடிவே தேய்த்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வேலை ஆரம்பமானது. பாஸ் உளி வைத்துச் சிவப்புத் தரையைக் கொத்தினார். ஒவ்வொரு கொத்துக்கும் செம்பொடி பறந்தது. கலியாணக் காரியம் நடக்கும்போது கண்ணைக் கசக்கக் கூடாது என்று வடிவு குசினிக்குள் போய்த் தேங்காய் துருவினாள். வியாழக்கிழமை பின்னேரம் வேலை முடிந்தது. பாஸ் ஈரத்துணியால் துடைத்துவிட்டு எழும்பி, “வெள்ளி, சனி ரெண்டு நாளும் யாரும் மிதிக்கக் கூடாது. எறும்பு கூடச் சுத்தித்தான் போகணும்,” என்றார்.

லயமே வந்து பார்த்தது. கூரைத் தகரத்தின் சாயல் தரையில் தெரிந்தது. பேச்சி தன் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள்.

“கண்ணாடிதான்டி! இனிமே முகம் பாத்துப் பொட்டு வச்சுக்கலாம்.”

வடிவுக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஐம்பத்தேழு வயதில் ஒருத்திக்குத் தரை மினுங்குகிறது, மகளுக்குச் சம்பந்தம் வருகிறது. கொஞ்சம் மிதப்பு வராமல் என்ன செய்யும்?

அந்தக் கிழமை லோஜினிக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை, வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு கோப்பையில் பிளேன்டீ ஊற்றி வைத்தாள். ஏழரை ஆனது. எட்டு ஆனது. சத்தம் இல்லை.

“ஏ பேச்சி! தேத்தண்ணி ஆறுது!”

“இன்னைக்கு வேணாம்டி. மருமவ கஞ்சி குடுத்துட்டா.”

திங்கட்கிழமை கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றாள். செவ்வாய்க்கிழமை கேட்டதற்குப் பதிலே வரவில்லை. வடிவுக்கு மூளை தப்பான பக்கம் திரும்பியது. தரையைப் பார்த்த நாளிலிருந்துதானே இவள் இப்படி? முப்பத்திநாலு வருஷப் பழக்கத்துக்குள்ளே இப்படி ஒரு எரிச்சலா? என் பிள்ளை கண் முழித்துப் படித்து, உழைத்த காசில் போட்ட தரை. இதில் இவளுக்கு என்ன வந்தது? சரி, வராவிட்டால் போகட்டும். செவ்வாய்க்கிழமை இரண்டாவது கோப்பையையும் தானே குடித்தாள். சீனி இல்லாதது கசந்தது.

புதன்கிழமை கோபத்தில் ஒரே கோப்பைதான் ஊற்றினாள். அடுப்பை ஊதிக்கொண்டிருக்கும்போது அது கேட்டது. சர்ர்... டக். சர்ர்... டக். வடிவுக்கு உடனே முகம் மலர்ந்துவிட்டது. அதை மறைத்துக்கொண்டு, வரட்டும், நாலு கேள்வி கேட்கத்தான் போகிறேன் என்று காத்திருந்தாள். சத்தம் நின்றது. பிறகு ஒரு சின்னச் சத்தம். டொக். மறுபடி டொக்.

வடிவு நிலைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

பேச்சி சிவப்புத் தரையின் கடைசியில் நின்றிருந்தாள். முன்னால் இரண்டு அங்குல உயரத்தில் டைலின் வெட்டு விளிம்பு. ஒரு கையால் சுவரைப் பிடித்து, மறு கையால் சேலையோடு தொடையைப் பற்றி, வலது காலைத் தூக்கப் பார்த்தாள். பாதம் அரை அங்குலம் எழும்பி விளிம்பில் மோதியது. டொக். பெருவிரலில் பழந்துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தம் காய்ந்திருந்தது. அப்படியானால் இது இன்றைக்கு மட்டும் நடக்கிற கூத்து இல்லை. பேச்சி மூன்றாம் தரமும் முயன்றாள். பிறகு சுவரைப் பிடித்தபடி மெதுவாகத் திரும்பினாள். சர்ர்... டக்.

வடிவுக்கு உடம்பு கூசிப்போனது. எரிச்சல் என்று நினைத்தாளே, அந்த நினைப்பை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? சீனி வியாதிக்காரி. கால் விரலில் காயம். மூன்று நாளாக யாருக்கும் கேட்காத நேரத்தில் மோதி மோதிப் பார்த்துவிட்டு, கஞ்சி குடித்தேன், வயிறு சரியில்லை என்று பொய் சொல்லியிருக்கிறாள்.

“பேச்சி!”

பேச்சி களவெடுத்துப் பிடிபட்டவள் மாதிரி நின்றாள்.

“ஏன்டி சொல்லல?”

“என்னாத்த சொல்ல? நல்ல காரியம் நடக்கப்போற வீடு. என் நொண்டிக்காலு தட்டுதுன்னு சொல்லி ஒன் புதுத் தரைய நான் குறை சொல்லவா?”

“சொல்லியிருக்கணும்.”

“சொன்னா நீ என்னா செய்வ? தரையக் கீழ எறக்குவியா?” என்று சிரித்தாள் பேச்சி. சிரிப்பு கோணலாகப் போய்க் கண்ணில் தண்ணீர் நின்றது. “விடுடி. ஒனக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுக்க இனிமே மருமகன் வருவாரு.”

வடிவு ஓடிப்போய்க் கோழிக்கூட்டுப் பலகையைக் கொண்டு வந்து விளிம்பில் சரித்து வைத்தாள். பேச்சி காலை அதில் சறுக்கிப் பார்த்தாள். சரிவில் ஏறிய பாதம் பாதியில் பின்னுக்கு வழுக்கியது. வடிவு மட்டும் இடுப்பில் பிடித்திராவிட்டால் இரண்டு பேரும் விழுந்திருப்பார்கள். நல்லமுத்து பாசுக்குப் போன் எடுத்தாள். சிமெந்தால் சரிவு வைத்துத் தருகிறேன் என்றார் அவர். பனியும் தூறலும் விழுகிற இஸ்தோப்பில், டைலுக்கு ஏற, இழுக்கிற காலுக்குச் சரிவு வைத்தாலும் பலகை மாதிரித்தான் வழுக்கும். வடிவு சொன்னாள்:

“பாஸ், நாளைக்கு வாங்க. இஸ்தோப்பு டைல ஒடைக்கணும்.”

மறுமுனையில் பாஸ் வாயடைத்துப் போனார். அந்த மனிதரின் வாழ்க்கையில் அது முதல் தடவையாக இருக்கும்.

வியாழக்கிழமை வந்தவர் டைலைத் தடவித் தடவிப் பார்த்தார். “ஒரு சொத்தை இல்ல, ஒரு கோணல் இல்ல. நான் போட்டதுல இது வரைக்கும் ஒருத்தரும் ஒடைக்கச் சொன்னதில்லம்மா. என் வேலையில என்னா குறை?”

“ஒங்க வேலையில ஒரு குறையுமில்ல. உசந்தா நல்லதுன்னு சொன்னது நான்தான். பேச்சி வீட்டுத் தரையோட மட்டமா வரணும். ஒரு நூல் கூட உசரக் கூடாது. சிவப்பு.”

பாஸ் பேச்சி வீட்டுப் பக்கம் பார்த்தார். பேச்சி வாசலில் நின்று, “பாஸ், அவ சொல்றதக் கேக்காதீங்க! அவளுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு!” என்று கத்திக்கொண்டிருந்தாள். அவள் விரலில் சுற்றியிருந்த துணியையும் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் ஹோட்டல் கதை எதுவும் சொல்லவில்லை. பொறுமையாக இஸ்தோப்பு டைலைக் கழற்றினார். பழைய தரையை இன்னும் அரை அங்குலம் கொத்தி இறக்கினார். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் சிவப்புத் தூள் கலந்த சிமெந்தைப் பூசி, ஏழாவது வீட்டுத் தரையோடு மட்டப்பலகை வைத்து இழுத்தார். சாக்கை நனைத்து மேலே விரித்தார். ஒன்பது நாள் தண்ணீர் காட்டச் சொன்னார்.

அன்று பின்னேரம் லோஜினி பையோடு முற்றத்தில் வந்து நின்றாள்.

“அம்மா, டைல் எங்க?”

“ஒடைச்சாச்சு.”

வடிவு நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல லோஜினியின் முகம் சிவந்தது. “ஒரு வார்த்தை எனக்குச் சொல்லலியே. நாளன்னைக்கு அவங்க வர்றாங்கம்மா! ஈரச்சாக்குக்கு மேலயா அவங்கள நடக்க வைக்கிறது? குசினிப் பக்கமாக் கூட்டிட்டு வர்றதா?” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலும் அவள் இப்படி அழுது வடிவு பார்த்ததில்லை. மகள் அழுததில் நியாயம் இருந்தது. வடிவு அதட்டவில்லை.

“வர்றவங்க ஒரு நாளு வருவாங்க, லோஜினி. இவ தெனம் வருவா. நீ கலியாணம் கட்டிப் போனதுக்கப்பறம் எனக்குக் காலையில சத்தம்னு ஒண்ணு கேக்கிறதே அவ காலுச் சத்தந்தான்.”

லோஜினி விசுக்கென்று ஏழாவது வீட்டுக்குள் போனாள். சண்டைக்குத்தான் போகிறாளோ என்று வடிவு பயந்தாள். கொஞ்ச நேரம் கழித்து முற்றத்து வழியாகப் போய் எட்டிப் பார்த்தாள். பேச்சி கட்டிலில் உட்கார்ந்து, “ஒங்கம்மா செஞ்சதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது, பிள்ள. சொல்லச் சொல்லக் கேக்கல,” என்று புலம்பிக்கொண்டிருந்தாள். லோஜினி தரையில் உட்கார்ந்து பெருவிரல் துணியைச் சுடுதண்ணீரில் நனைத்து நனைத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெளியே அந்தச் சிவப்பு இஸ்தோப்பில்தான் அவள் நடை பழகினாள். வடிவு கொழுந்து மலையிலிருந்து வந்து இந்த முனையில் கை நீட்டி நிற்க, பேச்சி அந்த முனையிலிருந்து விட்டுவிடுவாள்.

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம், பெரியம்மா,” என்றாள் லோஜினி. பிறகு தாயைத் திரும்பிப் பார்த்தாள். குரலில் கோபம் இன்னும் மிச்சம் இருந்தது. “ஞாயித்துக்கிழம அவங்கள எங்க ஒக்கார வைக்கிறது?”

“இங்கதான், வேற எங்க?” என்றாள் பேச்சி, சண்டை பிடிக்கிற மாதிரி.

அப்படித்தான் ஆனது. பால் கலர் டைல் பதித்த எட்டாவது வீடு ஈரச்சாக்குக்கு அந்தப் பக்கம் மினுங்கிக்கொண்டு யாருக்கும் பயனில்லாமல் இருக்க, தலவாக்கலையிலிருந்து வந்த ஐந்து பேரும் ஏழாவது வீட்டு இஸ்தோப்பில் ஏறினார்கள். மாப்பிள்ளையின் தாய் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் கால் வைத்தவள், இரண்டு அடி நடந்து நின்றாள். பாதத்தால் தரையை இலேசாகத் தேய்த்துப் பார்த்தாள்.

“மட்டை வச்சுத் தேய்க்கிற தரைதானே? எங்க லயத்துலயும் இருந்துச்சு. நான் தேய்ச்ச தேய்ப்பு! எங்க வீட்டுல டைல் போட்டதுல இருந்து காலெல்லாம் சில்லுன்னு குளிருது.” பிறகு எட்டாவது வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். “அங்க என்னா வேல நடக்குது?”

வடிவு என்னவோ சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தாள். பேச்சி விடவில்லை.

“புது டைல் போட்டாங்க. என் காலு தட்டுதுன்னு ஒடைச்சுப்புட்டா, இந்தப் பைத்தியக்காரி.”

லோஜினி தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றாள். மாப்பிள்ளையின் தாய் பேச்சியின் காலைப் பார்த்தாள். லோஜினி அங்கே கட்டிவிட்டிருந்த வெள்ளைக் கட்டைப் பார்த்தாள். பிறகு ஈரச்சாக்கைப் பார்த்தாள்.

“காய எத்தன நாளாகும்?”

“ஒம்போது நாளு தண்ணி காட்டணுமாம்.”

“அப்ப அதுக்கப்பறம் வர்ற நல்ல நாளாப் பாத்து நிச்சயத்த வச்சுக்குவோம். நானும் அந்தத் தரையில நடந்து பாக்கணும்,” என்று கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் காலை வடிவு சாக்கை எடுத்துத் தரையைக் கூட்டினாள். இரண்டு கோப்பையில் பிளேன்டீ ஊற்றினாள். வெளியே போய் நிற்க மனசு வரவில்லை. அடுப்புப் பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். சர்ர்... டக். சர்ர்... டக். இரண்டு தரையும் சேருகிற இடத்தில் சத்தம் நின்றது. பாஸ் ஒரு நூல் உயர்த்திவிட்டாரோ?

“ஏன்டி வடிவு, ஒன் பக்கம் மட்டும் ஏன்டி பீட்ரூட் கலர்ல இருக்கு?”

பிறகு, சர்ர்... டக்.

வடிவு வெளியே வந்தபோது பேச்சி வாசல் பலகையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். உண்மைதான், புதுத் தரை கண்ணைக் குத்துகிற சிவப்பாகவும் சொரசொரப்பாகவும் இருந்தது. பழையது முப்பத்திநாலு வருஷம் தேய்ந்து இருண்டிருந்தது. சேருகிற இடம் கோடு போட்ட மாதிரித் தெரிந்தது.

தேத்தண்ணி குடித்து முடித்ததும் வடிவு பாலிஷ் டப்பாவையும் தேங்காய் மட்டையையும் எடுத்து வந்தாள். வெள்ளிக்கிழமை இல்லை, ஆனாலும் எடுத்து வந்தாள். குனியப் போனவளைப் பேச்சி தடுத்தாள்.

“மட்டைய இங்க போடு.”

“ஒனக்கெதுக்கு?”

“போடுங்கிறேன்.”

வடிவு மட்டையைத் தரையில் வைத்தாள். பேச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு செத்த காலை அதன் மேல் இழுத்து வைத்தாள். “தூக்கத்தான் தெரியாது இதுக்கு. இழுக்க நல்லாத் தெரியும்,” என்றாள். நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தேய்க்க ஆரம்பித்தாள். தன் வீட்டுப் பக்கமிருந்து தேய்த்துக்கொண்டே வந்து, அந்தக் கோட்டைத் தாண்டி, வடிவின் தரையில் ஒரு சாண் உள்ளே வந்து நிறுத்தினாள்.